ப்ளெவ்னா அணிநடைப் பாட்டு முற்றுகையில் பிறந்ததா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சிவப்பு அங்கியும் பெரிய முரசுகளுமாக வரும் துருக்கிய மெஹ்தர் குழு (உஸ்மானியர் காலத்துப் படை இசைக்குழுவின் பாணியில் அமைந்தது) ஒன்று ‘ப்ளெவ்னே மார்ஷி’, அதாவது ப்ளெவ்னா அணிநடைப் பாட்டை, வாசிக்கும் காணொளியைப் பார்த்திருக்கிறீர்கள். 1877-இல் ப்ளெவ்னா முற்றுகையின்போது உஸ்மானியத் தளபதி உஸ்மான் பாஷாவின் வீரர்கள் பதுங்குகுழிகளில் இருந்தபடி பாடிய பாட்டு என்று அதன் அடியில் எழுதியிருந்ததாம். இன்னொருவர் வந்து, இல்லை, இது 1960-இல் மாணவர்கள் கட்டிய போராட்டப் பாட்டு என்றாராம். எது சரி, இயற்றியது யார் என்று கேட்கிறீர்கள். இதில் பல கேள்விகள் ஒன்றாகக் கலந்துகிடக்கின்றன. பாட்டின் சொற்கள் எப்போது வந்தன என்பது ஒன்று, மெட்டு எங்கிருந்து வந்தது என்பது வேறு. காணொளியில் நீங்கள் கேட்ட அந்த முரசும் சுர்னா என்ற ஊதுகுழலும் கலந்த ஓசை எப்போது சேர்ந்தது என்பது இன்னொன்று. மூன்றுக்கும் வயது வெவ்வேறு. ஒரே பதிலாகச் சொல்லப்போனால்தான் குழப்பம் வருகிறது. உஸ்மானிய இசை வரலாற்றைப் பல ஆண்டுகளாகப் படித்தும் சொல்லிக்கொடுத்தும் வருகிறேன். போர்க்கள வரலாறு என் துறை அல்ல. அந்தப் பகுதியில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விவரங்களோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் களம். ரஷ்யா 1877 ஏப்ரல் 24 அன்று போர் அறிவித்தது. உஸ்மானியர்களின் ருமி நாட்காட்டிப்படி அது 1293-ஆம் ஆண்டு என்பதால் துருக்கியர்கள் இன்றைக்கும் இதை ‘93 போர்’ என்றுதான் சொல்வார்கள். ஜூன் இறுதியில் ரஷ்யப் படை ஸ்விஷ்டோவ் அருகே டான்யூப் நதியைக் கடந்தது. அதைத் தடுக்க மேற்கே விதின் கோட்டையிலிருந்து ஏறக்குறைய 15,000 பேரோடு விரைந்து வந்த உஸ்மான் பாஷா, ஜூலை 19 அன்று ப்ளெவ்னாவை அடைந்தார். இன்று பல்கேரியாவில் ப்ளெவென் என்று அழைக்கப்படும் நகரம். மறுநாளே முதல் தாக்குதல். ஜூலை 30-இல் இரண்டாவது. அதில் மட்டும் ரஷ்யர் இழப்பு ஏழாயிரத்தைத் தாண்டியது. செப்டம்பர் 11-இல் ஜார் மன்னரின் பெயர்நாளில், ருமேனியப் படையும் சேர்ந்து நடத்திய மூன்றாவது பெரிய தாக்குதலும் கடும் இழப்போடு முடிந்தது. கிரிவிட்சா மண்அரண்களில் ஒன்றை ருமேனியர்கள் பிடித்தார்கள். மற்றபடி நகரம் விழவில்லை. கோட்டைச் சுவரே இல்லாத ஒரு ஊரை, அவசர அவசரமாக மண்ணை வெட்டி எழுப்பிய அரண்களாலும், அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் செய்த பீபாடி-மார்ட்டினி துப்பாக்கிகளாலும் காத்தார்கள். அதற்கப்புறம் கிரிமியப் போரில் செவஸ்தபோல் நகரைக் காத்த பொறியாளர் டோட்லெபனை ரஷ்யர்கள் வரவழைத்தார்கள். அவர் தாக்கவே இல்லை. சுற்றி வளைத்து உணவுப் பாதையை அடைத்தார். டிசம்பர் 10 அன்று வீத் நதியைத் தாண்டி முற்றுகையை உடைக்கப் பார்த்த உஸ்மான் காலில் குண்டு பட்டு விழுந்தார்; படை சரணடைந்தது. சிறைப்பட்டவர்கள் சுமார் 43,000 பேர். ஜார் இரண்டாம் அலெக்சாண்டர் அவருடைய வாளை அவரிடமே திருப்பிக் கொடுத்து மரியாதை செய்தார் என்பது எல்லாத் தரப்பும் சொல்லும் செய்தி.

இந்தப் பின்னணியை வைத்துக்கொண்டு சொற்களைப் பாருங்கள். புகழ்பெற்ற முதல் நாலடி சொல்வது இது: ‘டான்யூப் நதி ஓடமாட்டேன் என்கிறது, என் கரைகளை இடிக்கமாட்டேன் என்கிறது; பெரும்புகழ் உஸ்மான் பாஷா, ப்ளெவ்னாவை விட்டு வெளியேறமாட்டேன் என்கிறார்.’ அடுத்தது: ‘பகைவன் டான்யூபைத் தாண்டினான், காவல்சாவடிகளைத் துழாவினான், உஸ்மான் பாஷாவின் அணியில் ஐயாயிரம் பீரங்கி ஒன்றாக வெடித்தன.’ மூன்றாவது: ‘வாளைக் கல்லில் வீசினேன், கல் தலையிலிருந்து அடிவரை பிளந்தது, பெரும்புகழ் உஸ்மான் பாஷா, உன் வீரர்களோடு ஆயிரம் ஆண்டு வாழ்க.’ இதையெல்லாம் களத்தில் நின்றவன் எழுதினானா என்று கேட்டால் எனக்குச் சந்தேகம்தான். ப்ளெவ்னா டான்யூப் கரையில் இல்லை. நதி வடக்கே சுமார் 35 கிலோமீட்டர் தள்ளி ஓடுகிறது. ஊருக்கு மேற்கே ஓடுவது அதன் கிளைநதியான வீத். முற்றுகையில் பட்டினி கிடந்து, கடைசியில் வீத் பாலத்தருகே செத்துப் பிழைத்தவனுடைய பாட்டில் வீத் நதி ஒருதரமாவது வந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பாட்டில் வருவதோ டான்யூப்தான், வேறொன்றுமில்லை. ஐயாயிரம் பீரங்கி கணக்கும் அப்படியே. உஸ்மானிடம் இருந்த பீரங்கிகள் நூறைக்கூட எட்டவில்லை.

ஆனால் இதை வைத்துச் சொற்கள் பிற்காலப் பொய் என்று முடிவுகட்டுவதும் தப்பு. டான்யூப் எல்லைப்புறத்துக்கென்றே உஸ்மானியர்களிடம் ஒரு நாட்டுப்பாட்டு மரபு உண்டு. ஹங்கேரியின் எஸ்டர்கோம் கோட்டையைப் பாடும் பாட்டைக் கேட்டிருப்பீர்கள்; அதுவும் இதே நதிக்கரைதான். அந்த மரபில் டான்யூப் ஒரு பாத்திரம் மாதிரி. பேசும், அழும், ஓட மறுக்கும். ப்ளெவ்னாவைப் பற்றிப் பாட்டுக் கட்ட உட்கார்ந்தவனுக்கு நதி கையில் தயாராகக் கிடைத்திருக்கிறது. ஊர் எங்கே, நதி எங்கே என்று அவன் வரைபடம் பார்த்திருக்கமாட்டான். தவிர, அந்தப் போருக்குப் பிறகு லட்சக்கணக்கான முஸ்லிம்கள் டான்யூப் பிரதேசத்தை விட்டு இஸ்தான்புல் பக்கமும் அனத்தோலியாவுக்கும் (இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதி) அகதிகளாக வந்தார்கள். அவர்களுக்கு இழந்தது ஒரு நகரம் அல்ல, அந்த நதிநாடே. ஓடமாட்டேன் என்று நதி அடம்பிடிப்பது அவர்களுடைய வாயில் எவ்வளவு இயல்பாக உட்காரும் என்று யோசித்துப் பாருங்கள்.

யாப்பு இன்னும் தெளிவான சாட்சி. ஒவ்வொரு அடியிலும் சரியாக எட்டு அசை. முதல் இரண்டு நாலடிகளில் ஒன்று, இரண்டு, நான்காம் அடிகள் ஒரே இயைபில் முடிகின்றன. மூன்றாம் அடி மட்டும் தனியாக நிற்கிறது. அனத்தோலியக் கிராமத்து வாய்மொழிப் பாட்டின் அச்சு இது. அன்றைய அரண்மனைக் கவிஞர் எவராவது ஒரு தளபதிக்குப் புகழ்மாலை எழுதியிருந்தால் அரபு-பாரசீக அரூஸ் யாப்பில், கனத்த பாரசீகச் சொற்களோடு எழுதியிருப்பார். இந்தப் பாட்டில் அது அறவே இல்லை. நேற்றுப் பள்ளிக்கூடம் போன பிள்ளைக்கும் புரியும் துருக்கி மொழி. ஆகவே சொற்களைப் பொறுத்தவரை ‘ஆசிரியர் பெயர் தெரியாதது’ என்று தொகுப்புகளில் போடுவது சரிதான். அதை ஒரு மழுப்பலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த வகைப் பாட்டு உருவாகும் விதமே அப்படி.

காலத்தைப் பற்றி? இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு முரண் இருக்கிறது. ‘வெளியேறமாட்டேன் என்கிறார்’ என்று நிகழ்காலத்தில் நிற்கிறது பாட்டு. சரணடைதல் இல்லை, காயம் இல்லை, திருப்பிக் கொடுத்த வாளும் இல்லை. ஜூலைக்கும் டிசம்பருக்கும் இடையில் தந்தி வழியாக இஸ்தான்புல் பத்திரிகைகளுக்கு வந்துகொண்டிருந்த நல்ல செய்திகளில் முக்கியமானது ப்ளெவ்னா. செப்டம்பர் வெற்றிக்குப் பிறகு உஸ்மானுக்கு ‘காஸி’ (வெற்றி வீரர்) பட்டம் கிடைத்தது. பாட்டின் கரு அந்த மாதங்களில் விழுந்திருக்கும் என்று நினைக்க நல்ல காரணம் இருக்கிறது. நிரூபணம் என்று சொல்லமாட்டேன். வீழ்ச்சிக்குப் பின் பாடியவர்களும் வேண்டுமென்றே அந்தக் கணத்தில் பாட்டை நிறுத்தியிருக்கலாம். வேடிக்கை என்னவென்றால், உண்மையான உஸ்மான் பாஷா மூன்றாவது சண்டைக்குப் பிறகு ப்ளெவ்னாவை விட்டுப் பின்வாங்கத்தான் அனுமதி கேட்டார். வளைத்துவிடுவார்கள், உணவு வராது என்று கணக்குப் போட்ட ராணுவக்காரர் அவர். ஐரோப்பாவே பார்த்துக்கொண்டிருந்த ஒரு நகரத்தைக் கைவிட இஸ்தான்புல் மேலிடம் சம்மதிக்கவில்லை. பாட்டில் அவர் வாயில் வைக்கப்பட்ட சபதம், பாதிக்குமேல் மேலிடத்தின் உத்தரவு. பாட்டு இதைச் சொல்லவில்லை என்று குறைபட முடியாது. ஆனால் பாட்டை வரலாற்று ஆதாரமாகக் காட்டுகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்வது நல்லது.

இப்போது மெட்டு. சில மெஹ்தர் தொகுப்புகளில் இசையமைத்தவர் என்று மெஹ்மெத் அலி பே பெயரைப் பார்க்கலாம். வேறு சிலவற்றில் மெட்டும் பெயர் தெரியாதது என்றே இருக்கும். ராணுவ இசைக்குழுக்காரர் ஒருவர் இதைச் செப்பனிட்டு எழுதியிருப்பார் என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அது மிகவும் சாத்தியம். ஆனால் நடமாடிக்கொண்டிருந்த ஒரு மெட்டைக் குழுவுக்காக எழுதிக் கொடுப்பது வேறு, புதிதாக மெட்டமைப்பது வேறு. பட்டியலில் இருக்கும் ஒரு பெயர் இரண்டில் எதைக் குறிக்கிறது என்று பட்டியல் சொல்லாது. அந்தக் காலத்து ராணுவப் பாட்டுகள் பலவற்றில் இதே சிக்கல் உண்டு. கிரிமியப் போரின்போது எழுந்த செவஸ்தபோல் பாட்டுக்கு ரிஃபாத் பே பெயர் சொல்லப்படுகிறது, ஆனால் அது நாட்டுப்பாட்டாகவும் பாடப்பட்டு வருகிறது. ப்ளெவ்னாவுக்கு இருபது ஆண்டு முன்னாலேயே இப்படி ஒரு முன்மாதிரி இருந்தது: ரஷ்யாவோடு போர், முற்றுகைக்குள் ஒரு நகரம், எளிய துருக்கியில் நாலடி, கூடவே அணிநடைத் தாளம். அந்தத் தடத்தில் வந்த இன்னொன்றாகத்தான் நான் ப்ளெவ்னாவைப் பார்க்கிறேன்.

மெட்டைக் காதால் மட்டும் கேட்டுச் சொல்லக்கூடியதும் கொஞ்சம் உண்டு. இரண்டடித் தாளத்தில், இடது வலது என்று கால் வைக்க ஏதுவாக, சம அளவுத் துண்டுகளாக நறுக்கி வைத்தது போல இருக்கிறது. மேற்கத்திய ராணுவ இசைக்குழுவின் கை பட்ட மெட்டு என்று இதைக் கேட்டதும் சொல்லிவிடலாம். அதற்கு வரலாறும் ஒத்துப்போகிறது. 1826-இல் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் ஜானிசரிகள் என்ற பழைய காலாட்படையை ஒழித்தபோது அதோடு சேர்த்து மெஹ்தர் குழுவின் நிலையமான மெஹ்தர்கானாவையும் மூடினார். 1828-இல் இத்தாலியிலிருந்து ஜுசெப்பே டொனிசெட்டி வந்து சேர்ந்தார். ஓபரா இசையமைப்பாளர் கஏட்டானோ டொனிசெட்டியின் அண்ணன்தான். ‘முஸிகா-இ ஹுமாயுன்’ என்ற அரண்மனை இசைக்குழுவைப் பித்தளை வாத்தியங்களோடும் ஐரோப்பியச் சுரக்குறிப்போடும் அவர் பழக்கினார். தன் மாணவர்களுக்குப் புரிய வைப்பதற்காக அங்கே புழங்கிய ஹம்பார்சும் என்ற இசைக் குறியீட்டைத் தானே முதலில் கற்றுக்கொண்டவர் அவர். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் உஸ்மானிய ராணுவத்தின் காது முழுக்க அந்தப் பள்ளியில்தான் பழகியது. 1877-இல் ஒரு படைப்பிரிவு அணிவகுத்துப் போனால் முன்னால் போனது எக்காளமும் கிளாரினெட்டும்தான்.

இதிலிருந்து என் பதிலிலேயே மிக உறுதியான பகுதிக்கு வருகிறேன். நீங்கள் காணொளியில் கேட்ட ஓசை ப்ளெவ்னாவில் கேட்டிருக்க முடியாது. முற்றுகை நடந்தபோது மெஹ்தர் குழு என்று ஒன்றே இல்லை. அது மூடப்பட்டு ஐம்பது ஆண்டு ஆகியிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பால்கன் போர்த் தோல்விகளின் சூழலில், பழைய பெருமையை மீட்கும் ஆசையோடு அஹ்மத் முஹ்தார் பாஷாவும் ஜெலால் எஸாத்தும் ராணுவ அருங்காட்சியகத்தின் வழியாக அதை மறுபடி எழுப்பினார்கள். 1914-இல் அது அதிகாரபூர்வமாக நிறுவப்பட்டது. பழைய உருப்படிகள் பெரும்பாலும் மறைந்துபோயிருந்ததால் முஅல்லிம் இஸ்மாயில் ஹக்கி பே போன்றவர்கள் புதிதாக எழுதிக் கொடுத்தார்கள். குடியரசு அரசு 1935-இல் அதையும் கலைத்தது. இன்று நாம் பார்க்கும் குழு, கான்ஸ்டான்டினோபிள் வெற்றியின் 500-ஆவது ஆண்டை ஒட்டி 1952-இல் மறுபடி அமைக்கப்பட்டதன் வழிவந்தது. ஆக, கோஸ் எனப்படும் அந்தப் பெரிய முரசும், நம் ஊர் நாதஸ்வரத்துக்குத் தூரத்துச் சொந்தமான சுர்னாவும் ப்ளெவ்னாப் பாட்டோடு சேர்ந்தது பிற்கால ஏற்பாடு. காணொளிகளில் ‘ஜானிசரிகளின் பாட்டு’ என்று தலைப்புப் போடுகிறார்களே, அதைவிடப் பெரிய தமாஷ் இல்லை. ஜானிசரிகள் ஒழிக்கப்பட்டபோது உஸ்மான் பாஷா பிறக்கவே இல்லை. அவர் பிறந்தது 1832-இல், தோகாத் ஊரில்.

‘இந்த மெட்டு இன்னார் பாட்டிலிருந்து திருடியது’ என்று கிரேக்க, பல்கேரிய, அரபுப் பாட்டுகளைப் பக்கத்தில் வைத்து ஓட்டும் காணொளிகளும் ஏராளம். கருத்துப்பகுதியில் யாரோ அப்படி ஒரு இணைப்பைப் போட்டிருந்ததாகவும் சொன்னீர்கள். படிப்படியாக ஏறி இறங்கும் ஐந்தாறு சுரம் உள்ள அணிநடை மெட்டுகளில் ஒற்றுமை தேடினால் எதிலும் கிடைக்கும். 1877-க்கு முந்திய தேதியோடு அச்சான சுரத்தாள் ஒன்றைக் காட்டினால் உட்கார்ந்து பேசலாம். அதுவரை அந்தப் பக்கம் நேரம் செலவிட வேண்டாம் என்பது என் யோசனை.

மெட்டு இடம் மாறுவது, சொற்கள் ஆள் மாறுவது எல்லாம் துருக்கிய ராணுவப் பாட்டுகளில் சர்வசாதாரணம் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். துருக்கியக் குடியரசை நிறுவிய முஸ்தஃபா கெமாலை வாழ்த்தும் இஸ்மிர் அணிநடைப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ‘இஸ்மிர் மலைகளில் பூக்கள் மலர்கின்றன’ என்று தொடங்கும் அதற்கு, ‘காகேசஸ் மலைகளில் பூக்கள் மலர்கின்றன’ என்று தொடங்கும் வடிவமும் உண்டு. முதல் உலகப்போரில் ரஷ்யரோடு மோதிய காகேசஸ் முனையின் பாட்டு அது. அதுவே மூத்தது என்பதுதான் பரவலான கருத்து. மலையின் பெயரும் தளபதியின் பெயரும் மாறின, பூக்கள் அப்படியே இருந்தன. ப்ளெவ்னாப் பாட்டில் மாறாத பெயர் உஸ்மான் பாஷா. அவ்வளவு அழுத்தமாக ஒட்டிக்கொண்டதற்கு அவருடைய வாழ்க்கையும் ஒரு காரணம். அந்தப் போரில் பெயர் கெடாமல் மீண்ட தளபதிகள் மிகச் சிலர். ரஷ்யச் சிறையிலிருந்து 1878-இல் திரும்பியவருக்கு சுல்தான் அப்துல் ஹமீது பதவிகளைக் குவித்தார். தன் மகள்கள் இருவரை அவருடைய மகன்கள் இருவருக்குக் கட்டிக் கொடுத்தார். 1900-இல் இறந்தபோது, கான்ஸ்டான்டினோபிளை வென்ற சுல்தான் மெஹ்மெதின் கல்லறை இருக்கும் ஃபாதிஹ் பள்ளிவாசல் வளாகத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள். தோற்றுப்போன ஒரு போரின் தளபதிக்கு இது சாதாரண மரியாதை அல்ல. அரண்மனையின் ஆதரவு இருந்ததால் இந்தப் பாட்டைப் பாட யாருக்கும் தடையும் இருக்கவில்லை.

எதிர்ப்பக்கத்தில் அதே ப்ளெவ்னாவுக்கு வேறு நினைவு. டிசம்பர் 10-ஐப் ப்ளெவென் நகரம் தன் விடுதலை நாளாகக் கொண்டாடுகிறது. ருமேனியர்களுக்கு அது சுதந்திரப் போர். மாஸ்கோவில் 1887-இல் திறந்த நினைவுச் சின்னம் இன்றும் நிற்கிறது. பல்கேரிய நண்பர் யாருக்காவது இந்தப் பாட்டை அனுப்புவதாக இருந்தால் கொஞ்சம் யோசித்து அனுப்புங்கள்.

சரி, 1960 விவகாரம். அதைச் சொன்னவர் முழுப் பொய் சொல்லவில்லை. ப்ளெவ்னாப் பாட்டின் சில வடிவங்களில் இன்னொரு நாலடி வரும்: ‘நடக்கலாமா இப்படி, நடக்கலாமா? பிள்ளை தகப்பனைச் சுடலாமா? தேசத் துரோகிகளே, இந்த உலகம் உங்களுக்கே நிலைக்குமா?’ முற்றுகைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எனக்கும் நேரடியான சம்பந்தம் தெரியவில்லை. ப்ளெவ்னாவில் பிள்ளையும் இல்லை, தகப்பனும் இல்லை, துரோகியும் இல்லை. இதுவும் எட்டசை என்பதால் வேறொரு பாட்டிலிருந்து சுளுவாக வந்து ஒட்டிக்கொண்டிருக்கும். 1876 மே 30 அன்று சுல்தான் அப்துல் அஸீஸை அவருடைய அமைச்சர்களே பதவியிலிருந்து இறக்கினார்கள். சில நாளில் அவர் மணிக்கட்டு அறுபட்டுச் செத்துக் கிடந்தார். தற்கொலையா கொலையா என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. அதைப் பற்றி மக்கள் பாடிய ஒப்பாரிகள் உண்டு. தகப்பன் போன்ற சுல்தானைக் கொன்ற துரோகிகள் என்று வைத்துப் பார்த்தால் இந்த நாலடி அங்கே கச்சிதமாக உட்காருகிறது. முற்றுகைக்கு ஒரே ஆண்டு முந்திய சம்பவம் வேறு. இது என் ஊகம் என்பதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். யாராவது மேற்கோள் காட்டினால் ஊகம் என்றே காட்டுங்கள்.

1960 ஏப்ரல் 28 அன்று பிரதமர் அத்னான் மெந்தெரெஸ் அரசை எதிர்த்து இஸ்தான்புல் பல்கலைக்கழக மாணவர்கள் பெயாஸித் சதுக்கத்தில் திரண்டார்கள். போலீஸ் சுட்டதில் துரான் எமெக்ஸிஸ் என்ற மாணவர் இறந்தார். மறுநாள் அங்காராவிலும் போராட்டம் பரவியது. அந்த நாட்களில் மாணவர்கள் இந்த நாலடியைத்தான் கையில் எடுத்தார்கள். ‘பிள்ளை தகப்பனைச் சுடலாமா’ என்பது ‘சகோதரன் சகோதரனைச் சுடலாமா’ ஆனது; தேசத் துரோகிகள் இருந்த இடத்தில் ‘நாசமாய்ப் போகும் சர்வாதிகாரிகள்’ வந்தார்கள்; மெட்டு ப்ளெவ்னா மெட்டேதான். மே 27 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அந்தத் தலைமுறைத் துருக்கியர்களிடம் இந்த மெட்டை முணுமுணுத்துப் பாருங்கள், பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது உஸ்மான் பாஷா அல்ல, பெயாஸித் சதுக்கம்தான். காணொளியின் அடியில் ‘மாணவர் பாட்டு’ என்று எழுதியவரோ அவருடைய வீட்டுப் பெரியவரோ அப்படித்தான் இதைக் கேட்டு வளர்ந்திருப்பார்.